பழைய டீசல் கார் வாங்குவது எப்படி: கிலோமீட்டரை விட்டுவிட்டு இன்ஜினைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் டீசல் கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதைத்தான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் கேட்டால் போதும். திருச்சிக்கும் சென்னைக்குமாக நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய டீசல் வண்டி ஒன்று. டவுனுக்குள்ளேயே பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் நாற்பதாயிரம் ஓடிய வண்டி இன்னொன்று. பெரும்பாலும் முதல் வண்டியின் இன்ஜின்தான் நன்றாக இருக்கும். டீசல் இன்ஜின் நன்றாகச் சூடேறி, சீரான வேகத்தில் ஓட வேண்டியது. சூடேறுவதற்குள் அணைத்து அணைத்து ஓட்டினால் கரி படியும், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு அடைக்கும், ஆயில் கெடும்.

மீட்டரைக் குறைத்து வைப்பதும் இன்று சில நிமிட வேலை. அதனால் வண்டி எப்படி ஓடியது, யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை வண்டியிடமிருந்தும் காகிதங்களிலிருந்தும் தெரிந்துகொள்ளும் வழியை, குடும்பத்துக்கு முதல் டீசல் கார் தேடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

டீசல் உங்களுக்குத் தேவையா

2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அதனால்தான் அன்று எல்லோரும் டீசல் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் போகும் வண்டி டீசலில் 18, பெட்ரோலில் 13 மைலேஜ் தருகிறது என்றால், மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்குச் சுமார் 2,650 ரூபாய் மிச்சம். மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 800 ரூபாய்தான். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று போனால் பல மாத மிச்சம் அதிலேயே போய்விடும்.

ஆகவே மாதம் 1,000 கி.மீ.க்கு மேல் ஓட்டுபவர்கள், ஊருக்கு அடிக்கடி முழு லோடில் போகிறவர்கள், மலைப்பாதையில் வாழ்கிறவர்கள் டீசல் பக்கம் வரலாம். அலுவலகம் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது, வாரம் ஒரு முறை கோயிலுக்குப் போவோம் என்பவர்களுக்கு நான் பெட்ரோலைத்தான் சொல்வேன். பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் என்றால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். காரணம் கீழே வருகிறது.

எந்த வருடம், எந்த இன்ஜின்

நாடு முழுக்க பிஎஸ்4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1. அடுத்து பிஎஸ்5-ஐத் தாண்டி நேராக பிஎஸ்6-க்குப் போனது 2020 ஏப்ரல் 1. டீசல் வாங்குபவருக்கு இந்த இரண்டாவது தேதி முக்கியம். அதற்குப் பின் வந்த டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். டவுனுக்குள் மட்டும் ஓடிய வண்டியில் இது பாதியிலேயே நின்றுபோய் வடிகட்டி அடைத்துவிடும். மாற்றுவது பெரிய செலவு. சில பிஎஸ்6 வண்டிகளில் டீசல் ஊற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே நீல நிற மூடி இருக்கும். அது புகையைச் சுத்தமாக்கும் யூரியா திரவத்துக்கானது, அதையும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. ஆனால் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, பிரெஸ்ஸா என்று அவர்களின் பல வண்டிகளில் இருந்த ஃபியட்டின் 1,248 சிசி டீசல் இன்ஜின் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் குறைவு. பாகமும் எளிதாகக் கிடைக்கும். அதில் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் செயின், அதாவது சங்கிலி. 2005-ல் வந்த பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட். ஒரகடத்தில் உருவான டஸ்டர், லாட்ஜி வண்டிகளின் 1.5 லிட்டர் டீசலிலும், ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டீசலிலும், வோக்ஸ்வாகன் போலோ, வென்டோ டீசல்களிலும் பெல்ட்தான். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும், இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே பெல்ட் வண்டி என்றால் "எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா" என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கில் கொண்டு, அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

குடும்பத்துக்கு வாங்குவதால் இன்னொன்று. ஏபிஎஸ் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில். அதற்கு முந்தைய அடிப்படை வேரியன்ட்கள் பலவற்றில் இரண்டும் கிடையாது. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் வேரியன்ட் மாறினால் இதுவும் மாறும். இருபதாயிரம் முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்தாவது ஏர்பேக், ஏபிஎஸ் உள்ள வண்டியைத் தேடுங்கள். பிறகு மாட்டிக்கொள்ளக் கூடிய பொருட்கள் அல்ல அவை.

வண்டியைப் பார்க்கப் போகும் முன்

பதிவு எண்ணை வாங்கி, பரிவாஹன் தளத்திலோ எம்பரிவாஹன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். பதிவு தேதி, எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் நிலுவையில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் பக்கத்தில் அபராதம் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். சொந்த உபயோகக் காருக்கு ஆர்சி 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பின் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் சேரும். பதினாலாவது வருடத்தில் இருக்கும் வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆர்சியில் வேறு மாநில எண் இருந்தால் நிதானியுங்கள். டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதிலிருந்து அங்கத்திய டீசல் வண்டிகள் தெற்கே வந்து குவிந்தன. பார்க்கப் பளபளவென்று இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். அங்கிருந்து படிவம் 28-ல் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) வர வேண்டும், இங்கே லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும், புதிய எண் வாங்க வேண்டும். விற்பவர் சொல்லும் விலையோடு இவற்றையும் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும். "என்ஓசி பிறகு வரும், வண்டியை எடுத்துட்டுப் போங்க" என்றால் எடுக்காதீர்கள்.

டி போர்டில் (டாக்ஸியாக) ஓடி ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றிய வண்டிகளும் உண்டு. இன்னோவா, எட்டியோஸ், டிசையர் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆர்சி விவரத்தில் தெரியாவிட்டாலும் வண்டியில் தடயம் இருக்கும்: கூரையில் கேரியர் பதிந்த தழும்பு, நம்பர் பிளேட்டின் பின்புறத்தில் மஞ்சள் நிற மிச்சம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போன வயரின் துண்டு. டாக்ஸியில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. மறைத்து விற்பதுதான் பிரச்சினை. மூன்று லட்சம் ஓடிய வண்டியை எண்பதாயிரம் என்று சொல்லி விற்பார்கள்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியின் நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் நோ க்ளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று இருக்கும். ஐந்தாறு ஆண்டு ஒரே ஓனரிடம் இருந்த வண்டிக்கு 50 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தால், முந்தைய ஆண்டில் க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது இன்சூரன்ஸை இடையில் விட்டுவிட்டார்கள். எதற்கு என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கம்பெனி சர்வீஸில் விட்ட வண்டி என்றால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற விவரம் அங்கே பதிவாகியிருக்கும். ஓனரை விட்டே அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கிலோமீட்டர் சீராக ஏறிக்கொண்டு வந்து திடீரென்று குறைந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கடைசி இரண்டு வருடம் வெளியில் சர்வீஸ் செய்ததாகச் சொன்னால் பில் கேளுங்கள். நல்ல ஓனர்கள் பில்லைச் சேர்த்து வைத்திருப்பார்கள்.

காலையில், குளிர்ந்த இன்ஜினில்

இந்த ஒரு படியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். போன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: "காலையில ஏழு மணிக்கு வர்றேங்க, நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க." கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடையில்) நிற்கும் வண்டியானாலும் இதையே சொல்லலாம். போனவுடன் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏற்கனவே ஓட விட்டுவிட்டார்கள். டீசல் இன்ஜினின் பெரும்பாலான நோய்கள் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் வெளியே தெரியும், சூடான பிறகு ஒளிந்துகொள்ளும். சிரித்தபடி "இன்னொரு நாள் வர்றேன்" என்று கிளம்பி வந்துவிடுவது நல்லது.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம். புதிதாக மாற்றினாலும் சீக்கிரமே கறுத்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஆயில் குடிக்கிறது அல்லது ஒழுகுகிறது. பிஎஸ்6 வண்டியில் மேல் கோட்டையும் தாண்டி நின்று, டீசல் வாடை அடித்தால் அதுவும் கெட்ட செய்தி. டிபிஎஃப் சுத்திகரிப்பு பாதியில் நின்று நின்று, எரியாத டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. அடுத்து ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கம். அங்கே காபி நிறத்தில் பால் ஆடை போல் படிந்திருந்தால் ஆயிலில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கலாம். ரிசர்வாயரில் கூலன்ட்டின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் அதே சந்தேகம்தான். இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டை மாற்றுவது சின்ன வேலை அல்ல. கூலன்ட்டுக்குப் பதிலாகத் துருப்பிடித்த தண்ணீர் இருந்தால், வண்டியைப் பராமரித்த விதத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரில் விளக்குகளைப் பாருங்கள். செக் இன்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ், சுருள் வடிவக் குளோ பிளக் (ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடேற்றும் பாகம்) விளக்கு எல்லாம் எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சில வண்டிகளில் இவற்றில் ஒன்று எரியவே எரியாது. பழுது தெரியாமலிருக்க விளக்கையே பிடுங்கி வைத்திருக்கலாம். விபத்தில் ஏர்பேக் விரிந்து, மாற்றாமல் மூடி மட்டும் ஒட்டிய வண்டிகளிலும் இந்த வேலை நடக்கும்.

உங்களோடு வந்தவரைச் சைலன்சர் பக்கம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு வெப்பத்தில் நல்ல டீசல் இன்ஜின் காலையிலும் ஓரிரு நொடியில் பிடித்துவிடும். நீண்ட நேரம் சுற்றினால் பேட்டரி, குளோ பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று எதுவாகவும் இருக்கலாம். முதல் நொடியில் மெல்லிய புகை வருவது பரவாயில்லை. தொடர்ந்து வெள்ளையாக, கண்ணை உறுத்தும் டீசல் வாடையோடு வந்தால் இன்ஜெக்டர் சரியில்லாமல் இருக்கலாம். வெள்ளைப் புகையில் இனிப்பான வாடை இருந்தால் கூலன்ட் எரிகிறது. நீலம் ஆயில் எரிவதைக் காட்டும், பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கோ, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவோ காரணம். ரேஸ் கொடுக்கும்போது கரும்புகை தள்ளினால் ஈஜிஆர், ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் லீக், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கரும்புகையில் சில காரணங்கள் மலிவானவை. நீலத்தில் மலிவு என்று எதுவும் இல்லை.

சத்தத்தையும் கேளுங்கள். டீசலின் சீரான கடகடப்பு இயல்பு. செயின் இன்ஜினில் ஸ்டார்ட் ஆனவுடன் சலசலவென்று சங்கிலி ஆடும் ஒலி சில நொடி நீடித்தால், ஆயில் மாற்றாமல் ஓட்டி செயின் தளர்ந்திருக்கலாம். ஒரே சிலிண்டரிலிருந்து தாளம் தப்பி வரும் "டக்... டக்" நல்லதல்ல.

அடுத்தது நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்லும் சோதனை. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. குபுகுபுவென்று புகை வந்து மூடியைத் தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது. டிப்ஸ்டிக் துளையிலிருந்து ஆயில் தெறித்தாலும் அதே அர்த்தம்தான். ஒரு எச்சரிக்கை: சில இன்ஜின்களின் அமைப்பே கொஞ்சம் காற்றுத் தள்ளும், சிலவற்றில் மூடியைத் திறந்தாலே ஆயில் தெறிக்கும். அதே மாடலில் நல்ல வண்டி ஒன்றைப் பார்த்து ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள். விற்பவர் இந்தச் சோதனையைத் தடுத்தால் ஒப்பிடும் வேலைகூட மிச்சம்.

ரேடியேட்டர் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். இன்ஜின் இன்னும் சூடேறாத முதல் நிமிடத்திலேயே அது கல்லாக இறுகினால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது என்று சந்தேகிக்கலாம். சூடான பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

பாடியும், தண்ணீர் பார்த்த வண்டியும்

வெயிலில் நிறுத்தி, மூலையில் நின்று பக்கவாட்டாகப் பாருங்கள். நிறம் ஒரு கதவுக்கு மட்டும் மாறினால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது. பட்டி பார்த்த இடத்தில், துணி சுற்றிய சின்ன காந்தம் சரியாக ஒட்டாது. நகரத்தில் ஓடிய வண்டியில் பம்பரும் கதவும் கீறல் படாமல் இருக்காது, அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் எலும்புதான் முக்கியம். கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்கும். பானெட், ஃபெண்டர் போல்ட்களின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் நெளிந்தோ புதிதாகப் பளபளத்தோ இருந்தால் முன்பக்கம் பலமாக இடித்த வண்டி. கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் தயாரிப்பு ஆண்டுக் குறியீடு இருக்கும். ஒன்று மட்டும் வேறு ஆண்டு என்றால் ஏன் என்று கேளுங்கள். டயரில் நான்கு இலக்கம் பதித்திருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம், 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பெருமழை. ஒவ்வொன்றிலும் நீரில் மூழ்கிய வண்டிகள் உலர்த்தப்பட்டு வெளியூர்ச் சந்தைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்து அடி நுனி வரை பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே நிற்கும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், கால்மிதிக்குக் கீழே பூஞ்சை வாடை, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பாசி போன்ற படிவு இவற்றையும் தேடுங்கள். புது சீட் கவர், புது மேட், அளவுக்கு மீறிய சென்ட் மணம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். இன்றைய டீசல் வண்டியில் எல்லாமே மின்னணு. நனைந்த வயரிங் ஒரு வருடம் கழித்தும் தொல்லை தரும். இதில் ஒன்றிரண்டு அடையாளம் உறுதியானாலும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ராமநாதபுரம், நாகை போன்ற கடலோர ஊர் வண்டி என்றால் அடியில் குனிந்து துருவையும் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். பாதையை நீங்கள் சொல்லுங்கள்: கொஞ்சம் நெரிசல், ஒரு மேம்பாலம், சில வேகத்தடைகள், கொஞ்சம் திறந்த சாலை. ரேடியோவை அணைத்துவிடுங்கள். குடும்ப வண்டி என்பதால் முடிந்தால் வீட்டாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். தனியாக ஓட்டும்போது ஒளிந்திருக்கும் சஸ்பென்ஷன் ஆட்டமும் பின்பக்கத் தொய்வும் ஏழு பேர் ஏறினால் தெரிந்துவிடும். மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் உட்கார முடிகிறதா, பின் ஏசி அங்கே வரை குளிர்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

வண்டி சூடான பிறகு மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரை முழுசாக மிதியுங்கள். 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்முக்குள் டர்போ எழுந்து வண்டி முன்னே தள்ள வேண்டும். புல்லிங் வரவே இல்லை என்றால் டர்போ, அதன் ஹோஸ், ஈஜிஆர் மூன்றில் ஒன்றில் கோளாறு. லேசான விசில் இயல்பு. சைரன் போல் ஊளையிட்டால் டர்போ பேரிங் போகிறது. இறங்கியபின் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைத் தடவிப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு சகஜம், சொட்டும் அளவுக்கு இருக்கக்கூடாது.

கிளட்ச்சுக்கு: நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் முழுசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. சில டீசல் வண்டிகளில் கிளட்ச்சோடு அதிர்வைத் தணிக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் சக்கரமும் போகும், அதன் விலை கிளட்ச் செட்டைவிட அதிகம். இன்ஜினை அணைக்கும்போது "கடக்" என்று உதறினாலோ, ஐடிலில் கிளட்ச்சை மிதித்து விடும்போது சத்தம் மாறினாலோ மெக்கானிக்கிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பிரேக், ஸ்டியரிங் இழுப்பு, வேகத்தடையில் வரும் தடதட சத்தம் எல்லாவற்றையும் கவனியுங்கள். சஸ்பென்ஷனின் லிங்க் ராடும் புஷ்ஷும் தாங்கக்கூடிய செலவுதான், விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்ததும் அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் நன்றாகப் பிடித்த வண்டி சூட்டில் சுற்றிக்கொண்டே இருந்தால், இன்ஜெக்டர் கசிந்தோ ஹை பிரஷர் பம்ப் தேய்ந்தோ இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் ரெயில் என்ற குழாயில் அழுத்தம் ஏறவில்லை என்று சந்தேகிக்கலாம். டீசலில் பெரிய பில் வரும் இடம் இதுதான்.

இத்தனையும் தேறினால் மட்டும் மெக்கானிக்கை அழைத்து வாருங்கள். உங்கள் ஆளாக இருக்க வேண்டும், விற்பவரின் நண்பராக இருக்கக்கூடாது. ஸ்கேனர் வைத்திருப்பவராக இருந்தால் ரெயில் அழுத்தம், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் இன்ஜின் செய்துகொள்ளும் திருத்த அளவு, டிபிஎஃப்பில் கரியின் அளவு எல்லாவற்றையும் படித்துச் சொல்வார். சில வண்டிகளில் ஓடிய கிலோமீட்டர் மீட்டரைத் தவிர வேறு கம்ப்யூட்டர்களிலும் பதிவாகியிருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். லிஃப்ட்டில் ஏற்றி அடியில் ஆயில் கசிவு பார்ப்பதும் அவர் வேலை. அவர் கேட்கும் ஆயிரம் இரண்டாயிரத்துக்குத் தயங்காதீர்கள். "டிபிஎஃப் எடுத்துட்டோம், இனி தொல்லை இல்லை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது சட்டப்படி தவறு. அடுத்தவர் நுரையீரலுக்குப் போகும் புகை அது. அந்த வண்டி வேண்டாம்.

கிலோமீட்டரை இப்போது பார்க்கலாம். பெடல் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்து, ஸ்டியரிங் வழுவழுப்பாகி, ஓட்டுநர் சீட்டின் ஓரம் அமுங்கியிருக்க, மீட்டர் மட்டும் 45,000 என்று காட்டினால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

பணமும் காகிதமும்

பார்த்த குறைகளுக்கான செலவை ஒரு தாளில் எழுதி, அதைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஆர்சியில் இருக்கும் பெயரும், உங்களிடம் பேசுகிறவரும், பணம் போகும் வங்கிக் கணக்கும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். ஆர்சியில் உள்ளவர் இறந்துவிட்டார் என்றால், முதலில் வாரிசு படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றட்டும், பிறகு வாங்கலாம். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியிலேயே பார்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் ராவிய தடம், மறுவெல்டிங் இருந்தால் விலகிவிடுங்கள். கடன் இருந்த வண்டிக்கு வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் தேவை. அதை முடித்து ஆர்சியில் ஹெச்பி (கடன் குறிப்பு) கேன்சல் ஆன பிறகே முழுப் பணம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காலிப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவது இங்கே பரவலான பழக்கம், செய்யாதீர்கள். விபத்து நடந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்பவருக்கும் இதை எடுத்துச் சொன்னால் அவரே ஆர்டிஓ ஆபீசுக்கு முதல் ஆளாக வருவார். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விட்டுவிட்டால் உங்கள் வண்டியின் சேதத்துக்கான க்ளெய்ம் மறுக்கப்படலாம். நோ க்ளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத் தொகையையும் கட்ட வேண்டியிருக்கும்.

எடுத்து வந்த வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் நான்கையும் மாற்றிவிடுங்கள். டீசல் ஃபில்டரில் தங்கியிருக்கும் தண்ணீர்தான் இன்ஜெக்டருக்கு முதல் எதிரி. கூலன்ட்டைச் சரியான வகையில் புதிதாக நிரப்புங்கள். பில் இல்லாத பெல்ட் வண்டி என்றால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் ஒரு கூலியோடு முடியும். அதற்குப் பிறகு குடும்பத்தோடு தூரப் பயணம் கிளம்பலாம்.